காச்சலோட வேலைக்கு வரச் சொன்னா என்ன பண்றதுங்க

பனியன் கம்பெனி, மில்லு, தறிக்குடோன், பவுண்டரி, எங்க வேணா போய்க் கேளுங்க, "ஒரு மாத்திரைய போட்டுட்டு வந்துரு, ஷிப்மெண்ட் இருக்கு"ங்கற பேச்ச கேக்காத ஆளே இருக்க மாட்டாங்க. அதே சூப்பர்வைசர்கிட்ட அம்மை போட்டிருக்குன்னு சொல்லிப் பாருங்க, தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் இந்தப் பக்கமே வராதன்னு அவரே சொல்லிருவாரு. கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயில் இன்னும் இருக்குதுங்க, தொத்து நோய்னா என்னன்னு நம்ம ஊருக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்ல. அம்மைக்குக் குடுக்கற அந்த மரியாதைய காச்சலுக்கும் இருமலுக்கும் வயித்துப்போக்குக்கும் எப்படி வாங்கறதுன்னுதான் சொல்லப் போறேன்.

மொதல்ல போறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணோணும். காச்சல் இருந்தா போகாதீங்க, மாத்திரை போடாமயே ஒரு நாள் முழுசா காச்சல் இல்லாம இருந்தாத்தான் வெளிய போகலாம். பாராசிட்டமால் சூட்டத்தான் எறக்கும், உள்ள இருக்கற கிருமி அப்படியேதான் இருக்கும், ப்ளூ காச்சல்னா ஒடம்பு முடியாமப் போறதுக்கு முந்தின நாள்ல இருந்தே பரவ ஆரம்பிச்சு அஞ்சு ஏழு நாள் வரைக்கும் பரவும். வாந்தி பேதின்னா அது நின்னு ரெண்டு நாள் கழிச்சுப் போங்க, மெஸ், பேக்கரி, டீக்கடை, ஓட்டல்ல சமைக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஒருத்தர் கையில இருந்து அத்தன எலைக்கும் போகும். பொன்னுக்கு வீங்கின்னா வீக்கம் ஆரம்பிச்சு அஞ்சு நாள். மெட்ராஸ் ஐ வந்தா துண்டத் தனியா வெச்சுக்கங்க, கண்ணத் தொட்ட கையோட பக்கத்து மிஷினத் தொடாதீங்க.

மழைக்காலத்துல வர்ற காச்சலப் பத்தி கொஞ்சம் எச்சாவே சொல்லோணும். டெங்குல காச்சல் எறங்கற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆபத்தான நேரமே, ஆனா நம்மாளுங்க அப்பத்தான் "சரியாயிருச்சு"ன்னு ஷிப்டுக்குக் கெளம்பறாங்க. வயித்து வலி, நிக்காத வாந்தி, பல் ஈறுல ரத்தம், ரொம்ப அசதி, இதுல எது இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, நடக்க முடியலன்னா 108க்குக் கூப்புடுங்க. டெங்குவா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை, ஊசி எதுவும் வேண்டாம், புரூபென், டைக்ளோபெனாக் எல்லாம் ரத்தக்கசிவ அதிகமாக்கும். இன்னொன்னு, இந்தக் கொசு பகல்ல கடிக்கற கொசுங்க. காச்சலோட நீங்க கம்பெனில உக்காந்திருந்தா உங்களக் கடிச்ச கொசு அங்கயே தேங்கற தண்ணில முட்டையும் போட்டு, சில நாள் கழிச்சு பக்கத்து டேபிள் அக்காவையும் கடிக்கும்.

சரி, சூப்பர்வைசருக்கு எப்படிச் சொல்றது? ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, போன்ல சொன்னாலும் வாட்சப்ல ஒரு மெசேஜ் போட்டு வெச்சுக்கங்க, நாளைக்கு "சொல்லாம லீவு போட்டான்"னு யாரும் சொல்ல முடியாது. ரொம்ப எழுத வேண்டாம், இப்படிப் போட்டாப் போதும்: "அண்ணா, நேத்து ராத்திரில இருந்து காச்சல் 101 இருக்குதுங்க, இருமலும் இருக்கு. இன்னைக்கும் நாளைக்கும் வர முடியாதுங்க. டாக்டரப் பாத்துட்டு பொழுதோட சொல்றனுங்க. எம்பட பண்டல் பாதில இருக்கு, பக்கத்து டேபிள் அக்காகிட்ட வெவரம் சொல்லிட்டேன்." அவரு திருப்பிக் கூப்ட்டு வற்புறுத்தினா சண்டைக்குப் போகாதீங்க, "நான் வந்தா நாலு பேருக்கு ஒட்டும்ணா, அப்பறம் லைனே நின்னுரும், ஷிப்மெண்ட் நேரத்துல அது வேண்டாம்"னு மட்டும் சொல்லுங்க. அவரு தலை மேலயும் டார்கெட் இருக்கு, அதுனால இந்தக் கணக்கு அவருக்குப் புரியும்.

அடுத்தது காசு, பாதிப் பேரு எந்திரிச்சுப் போறதே சனிக்கிழமை சம்பளத்த நெனச்சுத்தான். உங்க சம்பளத்துல இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் புடிக்கறாங்களான்னு இன்னைக்கே பாருங்க, மாசம் 21,000 ரூவாய்க்குள்ள வாங்கறவங்களுக்கு அது உண்டு, உங்க பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. ஒரு அரையாண்டுல 78 நாள் பணம் கட்டியிருந்தா, அதுக்குண்டான அடுத்த அரையாண்டுல ஒடம்பு முடியாத நாளுக்கு சராசரி தினக்கூலில 70 சதவீதம் கெடைக்கும், வருசத்துக்கு 91 நாள் வரைக்கும். அதுக்கு இஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டர் சர்டிபிகேட் வேணும், அதுனால மொத நாளே அங்க போயிருங்க, கடைல மாத்திரை வாங்கித் தின்னுட்டு நாலாம் நாள் போகாதீங்க. இந்தப் பணம் வாங்கற நாள்ல ஆள வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு 1948 இஎஸ்ஐ சட்டத்துலயே இருந்துச்சு. கடை, ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு தமிழ்நாட்டுக் கடைகள் சட்டப்படி வருசத்துக்கு 12 நாள் சிக் லீவ் இருக்கு, கேட்டு வாங்குங்க.

ஆனா மொத ரெண்டு நாளுக்கு இஎஸ்ஐ பணம் பொதுவா வராதுங்க, சாதா காச்சல் முக்காவாசி அந்த ரெண்டு மூணு நாள்லயே முடிஞ்சுரும். பீஸ் ரேட்டுல, கான்ட்ராக்ட்ல, நோட்டுல பேரே இல்லாம ஓட்டறவங்களுக்கு அதுவும் கெடையாது. இவங்களப் போய் "வீட்ல இரு"ன்னு சொல்றது எனக்கே வெசனமாத்தான் இருக்கு. அதுனால மொதலாளிமாருக்கும் யூனிட் நடத்தறவங்களுக்கும் ஒண்ணு கேக்கறேன், அட்டெண்டன்ஸ் போனஸ்ல காச்சல் லீவ கணக்குல எடுக்காதீங்க, அந்த ரெண்டு நாள் கூலில பாதியாச்சும் குடுங்க. ஹாஸ்டல் வெச்சிருக்கற மில்லுன்னா ஒரு ரூமத் தனியா ஒதுக்குங்க, ஒரே ரூம்ல வரிசையாப் படுக்கற புள்ளைங்களுக்கு ஒதுங்கிப் படுக்க வேற எடமே இல்ல.

இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா அது பஞ்சுத் தூசின்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பவுண்டரி மணல் தூசி நுரையீரலுக்குள்ள போனவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பும் அதிகம். அரசு ஆஸ்பத்திரில சளி டெஸ்டும் மருந்தும் இலவசம், மருந்து சாப்பிடற வரைக்கும் சத்துணவுக்கு மாசம் 1,000 ரூவா வருது, இஎஸ்ஐல ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு டிபிக்குன்னு நீட்டிச்ச பெனிபிட்டும் இருக்கு.

எவ்வளவு சொல்லியும் போய்த்தான் தீரணும்னா, மூக்கையும் மூடற மாதிரி மாஸ்க் போடுங்க, ஜன்னல் ஓரத்துல உக்காருங்க, டீ டம்ளரும் தண்ணி பாட்டிலும் சொந்தமா கொண்டு போங்க, கம்பெனி வேன்ல கண்ணாடியத் தெறந்து விடுங்க. தலை சுத்தலோட கட்டிங் மிஷின், பிரஸ், உலைப் பக்கம் மட்டும் நிக்காதீங்க, செக்கிங்லயோ பேக்கிங்லயோ போடச் சொல்லிக் கேளுங்க. சந்தேகம்னா 104க்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம்.