லயத்துத் தீக்குழுவுக்குத் தலைவி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் தீயணைப்பு என்பது பெரும்பாலும் மாநகர, நகர சபைகளின் கையில் உள்ள வேலை. கண்டி, நுவரெலியா மாநகர சபைகளுக்குச் சொந்தமாகத் தீயணைப்புப் படை உண்டு. ஆனால் அங்கிருந்து வளைவு வளைவாக ஏறி ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வண்டி வந்து சேர்வதற்குள் பாதி லயம் போய்விடும். முதல் அரைமணி நேரத்தைத் தோட்டத்து ஆட்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் காம்பராவில் (லயத்து அறை வீட்டில்) யார் படுக்கையில் கிடக்கிறார், எந்த வீட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிற ஆள் இருக்கிறார் என்பதெல்லாம் பெண்களுக்கு அத்துப்படி. அதனால் தீக்குழுவுக்கு ஒரு பெண்ணைத் தலைவியாக்குவது சரியான முடிவு. பிழை வருவது ஆக்கும் விதத்தில்.

பெரிய பிழை, பெயரைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காமல் விடுவது. பட்டியலில் 'தலைவி' என்று எழுதியிருக்கும். தீப்பிடித்ததும் சங்கத் தலைவர் ஒன்று சொல்வார், கோயில் கமிட்டிக்காரர் இன்னொன்று சொல்வார், நான்கு இளைஞர்கள் யாரையும் கேட்காமல் உள்ளே ஓடுவார்கள். தீ நேரத்தில் மூன்று விஷயங்களில் அவள் சொல்வதே முடிவு என்பதை முன்கூட்டியே பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) வைத்து, தோட்டத் துரை (முகாமையாளர்), தொழிற்சங்கத் தலைவர் இருவர் வாயாலும் அறிவிக்க வேண்டும்: எப்போது எல்லோரும் வெளியேறுவது, யார் உள்ளே போகலாம், எப்போது அணைப்பதை விட்டுப் பின்வாங்குவது. மூன்றாவதுதான் கடினம். தீ கூரைக்கு ஏறிய பிறகும் வாளியோடு நிற்கிற ஆண்களை ஒரு பெண் "போதும், வாங்க" என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். முன்பே அறிவித்திருந்தால் வருவார்கள்.

தலைவி தானே வாளியைத் தூக்குவது அடுத்த பிழை. மனசு கேட்காது, உண்மைதான். ஆனால் அவள் வாளி வரிசையில் நின்றால் லயத்தின் இரண்டு முனைகளையும் பார்க்க ஆளில்லை. புகை படாத, மேட்டுப்பக்கமான ஓர் இடத்தில் நின்று நான்கு வேலைகளை ஆள்பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்: தீயணைப்பு அவசர இலக்கமான 110க்கு அழைப்பது, மெயின் சுவிட்சை நிறுத்துவது, காஸ் சிலிண்டர்களை வெளியே எடுப்பது, ஆள் எண்ணுவது. "யாராவது போன் பண்ணுங்க" என்றால் ஒருவரும் பண்ணமாட்டார், அல்லது ஆறு பேர் பண்ணுவார்கள். சிலிண்டர் எடுப்பது தீ எட்டாத காம்பராக்களில் மட்டும். நெருப்புக்குள் இருக்கிற சிலிண்டரை யாரும் தொடக்கூடாது. ஆட்களைத் தூரமாக விலக்குவதே வழி.

எண்ணுவதற்கு ஒரு கொப்பி போதும். காம்பரா இலக்கம், வீட்டில் எத்தனை பேர், நடக்கமுடியாதவர் யார், கைக்குழந்தை உண்டா என நான்கு பத்தி. மாதம் ஒருமுறை திருத்தாவிட்டால் கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளையைத் தேடி யாராவது புகைக்குள் நுழைவார்கள். அடையாள அட்டையையும் நகையையும் எடுக்கத் திரும்பி ஓடுகிறவர்களும் உண்டு. பத்திரங்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வாசலருகே வைக்கச் சொல்லிவிட்டால், தடுக்கிற வேலை பாதியாகக் குறையும்.

லயத்தில் தீ எப்படி நகர்கிறது என்பதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்காமல் விடுவதை அடிக்கடி காணலாம். பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை ஏறாது. தகரத்துக்கடியில் ஒரே நீளமான வெற்றிடம். அதில் சாக்கு, பொலித்தீன், மட்டை என்று குளிருக்கு அடைத்திருப்பார்கள். மூன்றாம் காம்பரா அடுப்பில் பிடித்த தீ, நான்காம் காம்பரா சுவர் சூடாகுமுன்பே அதன் தலைக்குமேல் போயிருக்கும். ஆகவே பக்கத்து வீட்டை மட்டும் காலி செய்வது பிழை. முழு லயமும் வெளியே வரவேண்டும், இரண்டு முனை வீடுகளும் சேர்த்து. கரண்டை நிறுத்துமுன் யாரையும் தகரத்தில் ஏறவிடக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் எப்போதுமே கூடாது, தகடு உடைந்து ஆள் நேரே தீயில் விழுவார்.

உடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேயிலை மலையிலிருந்து நேரே ஓடிவருகிற பெண்ணின் இடுப்பில் மழைக்குக் கட்டிய ரப்பர் சீட்டோ பொலித்தீனோ இருக்கும். வெப்பம் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். நைலக்ஸ் சேலையும் அப்படியே. முதலில் அவிழ்த்துப் போடவேண்டியது அது. குழுவுக்கென்று பருத்திச் சட்டையும் மூடிய சப்பாத்தும், தலைவிக்கு ஒரு மஞ்சள் ஜாக்கெட்டும் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) தொங்கட்டும்.

நகர சபைப் படைகளில் இதே பிழை வேறு வடிவில் வரும். ஆண் அளவில் வாங்கிய கையுறையைப் பெண் வீரர் மாட்டினால் குழாய் இணைப்பைப் பிடிக்க விரல் எட்டாது. பெரிய பூட்ஸ் ஏணிப்படியில் கழலும். சுவாசக் கருவியின் முகமூடி விளிம்பில் இடைவெளி இருந்தாலோ, விளிம்புக்கடியில் ஒரு கற்றை முடி சிக்கினாலோ காற்று கசியும். 6.8 லீற்றர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 2000 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் என்று கணக்கிட்டால் 50 நிமிடம். கசிகிற முகமூடியில் அந்தக் கணக்கு செல்லாது. அதிகாரியாக உயர்த்துமுன் அவளுக்குப் பொருந்தும் அளவில் முகமூடி வாங்குங்கள். அது சலுகை அல்ல, கருவி.

'பெண்ணுக்குப் பலம் போதாது' என்ற பேச்சைத் தண்ணீர்க் கணக்கு தீர்த்துவைக்கும். 64 மில்லிமீற்றர் குழாய் 20 மீற்றரில் நிரம்பிய தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 64 கிலோ. அதை ஆணும் தனியாக இழுப்பதில்லை. இரண்டு மூன்று பேர் முறை தெரிந்து நகர்த்துகிறார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத உடற்பரீட்சை பற்றி நியூயோர்க் தீயணைப்புப் படையில் சேர விரும்பிய பிரெண்டா பெர்க்மன் தொடுத்த வழக்கு 1982இல் அவர் பக்கம் தீர்ந்தது. தலைமைப் பதவிக்கு வந்த பெண்ணை அலுவலக மேசையோடு நிறுத்திவிடுவதும் தேவையில்லை: 2012 ஜனவரியில் சென்னை எழிலக அரசுக் கட்டடத் தீயில் களத்தில் நின்று தீக்காயம்பட்டவர் தீயணைப்புக் கோட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரன்.

தீயணைப்பானைச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோவது எங்கும் உள்ள பிழை. 2 கிலோ பொடி பத்து விநாடி அளவில் தீர்ந்துவிடும். ஊசியை உருவி, இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நின்று, சுவாலையின் அடியைக் குறிவைத்து இடமும் வலமும் வீச வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றக்கூடாது: ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1700 லீற்றர் அளவுக்கு விரியும், எரிகிற எண்ணெயையும் தூக்கிக்கொண்டு. மூடியை வைத்து அடுப்பை அணையுங்கள். குளிருக்குச் சன்னலைச் சாத்திய காம்பராவில் காஸ் கசிந்தால் அது தரையில் தங்கும். சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறக்க வேண்டும்.

110இல் சொல்லும் முகவரியிலும் பிழை நடக்கிறது. தோட்டத்துக்கு நாம் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறு, பதிவிலுள்ள பெயர் வேறு. எடுப்பவருக்குத் தமிழ்ப் பெயர் தெரியாது. பதிவுப் பெயர், டிவிசன், லயன் இலக்கம், பிரதான பாதைச் சந்தி, வண்டி எதுவரை ஏறும் என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஓர் அட்டையில் எழுதி இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒட்டுங்கள். அருகிலுள்ள சபைப் படையின் நேரடி இலக்கமும் அதில் இருக்கட்டும், அம்புலன்சுக்கு 1990ம்.

வண்டி வந்ததும் அதிகாரி அங்கே நிற்கிற ஓர் ஆணைத்தான் விசாரிப்பார். பழக்கம் அப்படி. தலைவி தானே முன்னே போய் நான்கைச் சொல்ல வேண்டும்: உள்ளே ஆள் உண்டா, சிலிண்டர்கள் எங்கே, கரண்ட் நின்றதா, பீலியா தொட்டியா எங்கே தண்ணீர். கணவரோ கங்காணியோ இடையில் விளக்கப் புகுந்தால் அவரை ஆள் எண்ணும் வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாகச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும், விறகு எடுக்கும் நாளில் பயிற்சி வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வராததைப் பெண்களின் அக்கறையின்மை என்று எழுதுவார்கள். வேலைநாளில் வைத்து முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) போடுங்கள், அரைப்பேர் போதாது. தலைவி மலையில் இருக்கும் பகலுக்கு லயத்தில் தங்குகிற ஒருவரை உபதலைவியாக வையுங்கள். வருடத்தில் ஓர் ஒத்திகையாவது இரவில், கரண்டை நிறுத்திவிட்டு நடக்கட்டும். டோர்ச் யாரிடம் இருக்கிறது, மெயின் சுவிட்ச் பெட்டியின் சாவி யாரிடம் என்பது அப்போதுதான் தெரியவரும்.