பின்தங்கிய வட்டாரத்தில் தொழில் தொடங்குவோர் மூலதன மானியம் பெறும் வழி

பெருநகரங்களைச் சுற்றியே ஆலைகள் குவியாமல் தொழில் எல்லா மாவட்டங்களுக்கும் பரவ வேண்டும் என்பதற்காகவே 1971இல் தொழிற்பேட்டைகளை அமைக்கும் தமிழக அரசு நிறுவனமான சிப்காட் தொடங்கப்பட்டது. அந்த முயற்சியின் பலனை இன்றைய ஒசூரில் கண்கூடாகக் காணலாம். சிறுதொழில் முனைவோருக்கு அதே நோக்கத்தில் கிடைப்பதுதான், இயந்திரச் செலவில் ஒரு பகுதியை அரசே தரும் மூலதன மானியம்.

நிலம் வாங்குவதற்கு முன்பே, உங்கள் ஊராட்சி ஒன்றியம் தொழிலில் பின்தங்கிய வட்டாரப் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பலர் தவறுவது இங்கேதான். பிறகு, சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவான உத்யம் பதிவைச் செய்யுங்கள்.

தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் கொள்கைப்படி, தகுதியுள்ள இயந்திரங்களின் மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. பழைய இயந்திரங்களை இதற்குக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு பில்லும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். பில்லில் உள்ள வரிசை எண்ணும் இயந்திரத்தின் தகட்டில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று, அதிகாரிகள் ஆய்வுக்கு வருமுன் நீங்களே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

உற்பத்தி தொடங்கிய பிறகே இந்தப் பணம் வந்து சேரும் என்பதால், அதை நம்பி இயந்திரம் வாங்காமல், தொடக்கச் செலவு முழுவதற்கும் வங்கிக் கடனையும் சொந்தப் பணத்தையும் கொண்டே திட்டமிடுங்கள்.