கார் மாடல் கட்டுவது: பாடியில் தொடங்குங்கள், எல்லாவற்றையும் 24-ஆல் பெருக்குங்கள்

கார் மாடல் கிட்டின் (பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் தொகுப்பின்) செய்முறைத் தாள் பெரும்பாலும் எஞ்சினில்தான் தொடங்கும். நான் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராகப் பாடிக்குப் போய்விடுவேன். கார் மாடலில் கண் முதலில் போவது அதன் பளபளப்புக்குத்தான். அந்தப் பளபளப்பைத் தரும் பெயின்ட்டோ நன்றாக இறுகுவதற்கு நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பாடிக்கு முதலில் பெயின்ட் அடித்து வைத்துவிட்டால், அது காயும் நாட்களில் எஞ்சின், சேஸிஸ், இருக்கைகள் எல்லாம் நிதானமாக முடிந்துவிடும். கடைசிக்கு வைத்துக்கொண்டால், அரைகுறையாகக் காய்ந்த பாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சேஸிஸைப் பொருத்த வேண்டியிருக்கும். விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும்.

நான் மனதில் வைத்து எழுதுவது மெர்சிடிஸ்-பென்ஸ் 300எஸ்எல் கூப்பே, டாமியா நிறுவனத்தின் 1/24 கிட், அதாவது அசலின் 24-ல் ஒரு பங்கு அளவு. எனக்கு மிகவும் பிடித்த கார். 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. மெல்லிய குழாய்களைப் பற்றவைத்துச் செய்த அதன் சட்டகம் இரு பக்கமும் உயரமாக எழும்பி நிற்கும். வழக்கமான கதவு வைக்க அங்கே இடமில்லை. அதனால்தான் கூரையில் கீல் வைத்து, மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். கிட்டில் அந்தச் சட்டகமும் உண்டு, ஆறு சிலிண்டர் எஞ்சினும் உண்டு. உங்களிடம் இருப்பது வேறு கார் என்றாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு கணக்கு போட்டுக்கொள்ளலாம். அசல் கார் 4.52 மீட்டர் நீளம். மாடல் சுமார் 188 மில்லிமீட்டர். மாடலில் பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறினால், அசலில் அது 2.4 மில்லிமீட்டர். எந்தக் காரிலும் அவ்வளவு கனமாக யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. கதவு இடுக்கு, பானெட்டின் விளிம்பு, உப்புத்தாள் போட்ட கீறல் என்று எதைப் பார்த்தாலும் 24-ஆல் பெருக்கிப் பார்க்கப் பழகுங்கள். இன்னொரு கோட்டிங் அடிக்கலாமா, போதுமா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கே பதில் சொல்லிவிடும்.

பெயின்ட்டுக்கு முன்

பாகங்களை வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. அப்புறம் பாடியை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அச்சின் துண்டுகள் சேரும் இடங்களில் முடி போல ஒரு கோடு ஓடும்: சக்கர வளைவுகளின் மேலே, கூரைத் தூண்களின் ஓரத்தில், பின்பக்க மூலைகளில். பிளாஸ்டிக்கில் இது கண்ணுக்கே தெரியாது; பளபளப்பு ஏறிய பிறகு பளிச்சென்று தெரியும். 600 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, 1000-ல் முடியுங்கள். 300எஸ்எல்-இன் சக்கரங்களுக்கு மேலே புருவம் போல நீண்ட புடைப்பு இருக்கும். அதன் கூர்மையைத் தேய்த்து மழுக்கிவிடக் கூடாது. அந்த இடத்தில் உப்புத்தாளைச் சிறு துண்டாக வெட்டி, மடித்த ஓரத்தால் மட்டும் தொடுங்கள்.

அடுத்தது பேனல் கோடுகள், அதாவது கதவு, பானெட் போன்றவற்றின் ஓரத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள். பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) என்று அடுக்கடுக்காக ஏறும்போது ஆழம் குறைந்த கோடுகள் நிரம்பிப்போகும். கோடு கீறும் ஸ்க்ரைபிங் ஊசியாலோ கத்தி அலகின் முதுகாலோ, அழுத்தாமல், அதே கோட்டில் சில தடவை இழுத்து ஆழப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் இழுப்பு மிக மிக லேசாக இருக்கட்டும். தடம் விழுந்துவிட்டால் பிறகு கருவி தானே அதைப் பின்பற்றும்.

கதவுகளையும் பானெட்டையும் பெயின்ட் இல்லாமலே ஒருமுறை டேப்பால் ஒட்டி வைத்துப் பார்ப்பது அவசியம். இப்போதே இறுக்கமாக இருந்தால், இரண்டு பக்கமும் பெயின்ட் ஏறிய பிறகு மூடவே மூடாது. இப்போது விளிம்பை லேசாகத் தேய்த்துவிட்டால் தொல்லை முடிந்தது.

நிறம்

இந்தக் காருக்கு நான் வெள்ளியைத்தான் தேர்ந்தெடுப்பேன். சிவப்பும் நீலமும் அழகுதான். ஆனால் அந்த வளைவுகளில் ஒளி எப்படி வழுக்கிப் போகிறது என்பதை வெள்ளி காட்டுவதுபோல வேறு எதுவும் காட்டாது. அதே காரணத்தால் வெள்ளி எந்தக் கீறலையும் மன்னிக்காது. சாம்பல் நிற மெல்லிய பிரைமரை அடித்து, காய்ந்ததும் 2000 எண் தாளால் தடவுங்கள். பிரைமர் என்பது பெயின்ட் பிடிப்பதற்கு மட்டும் அல்ல, குறைகளைக் காட்டிக்கொடுப்பதற்கும்தான். கீறல் தெரிந்தால் திரும்பத் தேய்த்து, அந்த இடத்தில் மறுபடி பிரைமர் அடியுங்கள். இந்தச் சுற்று எத்தனை முறை வந்தாலும் சலிக்க வேண்டாம். சிவப்போ மஞ்சளோ அடிப்பவர்களுக்கு வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு பிரைமர் நல்லது. சாம்பல் மேல் அந்த நிறங்கள் மங்கிவிடும். கிட்டின் பிளாஸ்டிக்கே சிவப்பாக இருந்து, மேலே வெளிர் நிறம் அடிப்பதாக இருந்தால் அந்தச் சிவப்பு மெல்ல ஊறி மேலே வரும். அதற்கு முதலில் ஒரு வெள்ளிப் பூச்சு கொடுத்து அடைத்துவிட வேண்டும்.

ஸ்ப்ரே கேனை அடிப்பதற்கு முன், கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி நீரில் சில நிமிடம் நிற்க வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடி, பெயின்ட் நுண்ணிய துளிகளாக வரும். அடுப்பு, தீ பக்கம் கேனைக் கொண்டுபோகவே கூடாது. காற்றோட்டமான இடம் வேண்டும். லேக்கர் (கடுமையான கரைப்பான் கலந்த பெயின்ட்) ஆவிக்குத் துணி முகமூடி போதாது, ஆவி வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள். மழை நாளில் லேக்கர் அடிக்காதீர்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டு, பூச்சு பால் போல வெளுத்துவிடும்.

பாடிக்கும் கேனுக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி. பாடிக்கு வெளியே பொத்தானை அழுத்தி, பாடியைத் தாண்டிய பிறகு விடுங்கள். தொடங்கும் போதும் நிறுத்தும் போதும்தான் கேன் துப்பும். முதல் இரண்டு சுற்றும் பனித்தூவல் போல மெல்லியதாக, அடியில் உள்ள பிரைமர் இன்னும் தெரியும்படி இருக்கட்டும். 10, 15 நிமிடம் விட்டு அடுத்தது. கதவின் உள்விளிம்பு, பானெட்டின் கீழ்ப்பகுதி போன்ற மறைவான இடங்களை முதலில் அடித்துவிட்டு அகலமான பரப்புக்கு வாருங்கள். வெள்ளியில் ஒரு தனி எச்சரிக்கை: ஈரமாக அடித்தால் உலோகத் துகள்கள் மிதந்து ஓடித் திட்டுத் திட்டாகப் படியும். ஆகவே வெள்ளியை எப்போதும் மெல்லிய சுற்றுகளாகவே முடியுங்கள். பளபளப்பில்லாமல் இருக்கிறதே என்று தோன்றும். அதைக் கொடுக்கப்போவது கிளியர். தனித்தனியாக இருக்கும் கதவையும் பானெட்டையும் பாடியோடு சேர்த்து ஒரே நேரத்தில், கார் நிற்கும் அதே நிலையில் வைத்து அடியுங்கள். துகள் படியும் திசை மாறினால் கதவு மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.

தூசி விழுந்தால் ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். காயட்டும், பிறகு நிறத்தின் மேலேயே லேசாகத் தேய்த்து இன்னொரு சுற்று கொடுக்கலாம். வெள்ளி போன்ற மெட்டாலிக் பெயின்ட்டில் தேய்த்த இடம் திட்டாகத் தெரியும்; அதனால் அந்த இடத்தில் மட்டும் அல்லாமல் அந்தப் பேனல் முழுவதும் மறுபடி அடிக்க வேண்டும். அடித்து முடித்த பாடியை உடனே ஒரு சுத்தமான டப்பாவால் மூடிவிடுங்கள்.

பிறகு கிளியர்: மூன்று மெல்லிய சுற்று, ஒரு ஈரமான சுற்று. அப்படியே ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க மூக்கு போதும். பெயின்ட் வாசனை வந்துகொண்டிருந்தால் இன்னும் காயவில்லை.

அந்த ஒரு வாரத்தில்

சட்டகத்தைப் பசையால் ஒட்டும்போது அவசரம் வேண்டாம். நீர் போன்ற மெல்லிய மாடல் பசை இடுக்கில் தானே ஓடும். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியால் இணைப்பைத் தொட்டால் போதும். சட்டகம் கோணிக்கொண்டால் நான்கு சக்கரமும் தரையில் படாது. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துக் காய விடுங்கள்.

எஞ்சின் இடது பக்கம் படுத்தாற்போலப் பொருந்தும். அசலிலும் அப்படித்தான்: பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினை சுமார் 50 டிகிரி சாய்த்து வைத்தார்கள். சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருள் பீச்சும் பாஷ் அமைப்பு இருந்த கார் இது. அந்தப் பம்ப்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் மெல்லிய குழாய்களை நுண்ணிய செம்புக் கம்பியால் செய்து சேர்த்தால் பானெட்டைத் திறந்ததும் கண் அங்கேதான் நிற்கும். கம்பி தேர்ந்தெடுக்கும்போதும் 24-ஆல் பெருக்குங்கள். 0.3 மில்லிமீட்டர் கம்பி அசலில் 7 மில்லிமீட்டருக்கு மேல்.

அடிப்பகுதிக்கும் டயருக்கும் சுத்தக் கறுப்பு அடிக்காதீர்கள். சின்ன பொருளில் சுத்தக் கறுப்பு விவரங்களை விழுங்கிவிட்டு, பொம்மை போலக் காட்டும். பளபளப்பில்லாத அடர்சாம்பல் சரியாக இருக்கும். இருக்கை தோல் என்றால் பாதி மினுமினுப்பு, துணி என்றால் முழு மேட் (பளபளப்பே இல்லாதது).

பெயின்ட் வகைகளில் ஒரு ஒழுங்கு உண்டு. லேக்கருக்கு மேல் அக்ரிலிக்கும் எனாமலும் போகலாம். எனாமலுக்கு மேல் லேக்கர் போனால் கீழே இருப்பது சுருங்கி வெடிக்கும்.

பாலிஷ்

கிளியர் முழுவதும் இறுகிய பிறகு 2000, 3000 என்று நுண்ணிய தாளை நனைத்து, கிளியரில் ஆரஞ்சுத் தோல் போலத் தெரியும் மேடு பள்ளத்தை எடுங்கள். தேய்த்த நீர் வெள்ளையாக இருக்கும்வரை கிளியர்தான் போகிறது. அதில் வெள்ளி மினுமினுத்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். விளிம்புகளில் பூச்சு எப்போதும் மெல்லியதாகத்தான் இருக்கும். கதவு ஓரம், புருவப் புடைப்பு, பானெட்டில் உள்ள இரண்டு நீளப் புடைப்புகள் ஆகியவற்றின் மேல் மெல்லிய டேப் ஒட்டிவிட்டு மற்ற இடங்களைத் தேய்ப்பது பாதுகாப்பு. பிறகு மென்மையான துணியில் கரடான காம்பவுண்ட் (பாலிஷ் பசை), நுண்ணியது, கடைசியாக ஃபினிஷ் என்று மாற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த கட்டம் இதுதான். மேகம் போல மங்கலாக இருந்த பாடியில் விளக்கின் உருவம் கூர்மையாகத் தெரியத் தொடங்கும்.

பாலிஷ் முடிந்து, இடுக்கில் சிக்கிய காம்பவுண்டை நனைந்த மென்மையான பிரஷ்ஷால் கழுவிய பிறகுதான் பேனல் கோடுகளுக்கு நிறம். வெள்ளிக் காருக்கு எனாமலில் நீர்த்த அடர்சாம்பல். கறுப்பு விட்டால் படம் வரைந்து கோடு போட்டதுபோலத் தெரியும். மிகுதியைச் சிறிது எனாமல் தின்னர் தொட்ட பஞ்சுக் குச்சியால் கோட்டுக்குக் குறுக்காகத் துடையுங்கள். தின்னரைத் தாராளமாக ஊற்றாதீர்கள். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் ஊறினால் அது நொறுங்கும்.

ஜன்னலைச் சுற்றியுள்ள குரோம் பட்டைக்கு, பெயின்ட்டைவிட ஒட்டும் உலோகத் தாள் நன்றாக இருக்கும். துண்டை ஒட்டி, பஞ்சுக் குச்சியால் மெல்லத் தேய்த்துப் படிய வைத்து, புத்தம் புது அலகால் எடையே இல்லாமல் ஓரத்தை அறுங்கள். அலகு மழுங்கினால் தாள் கிழியும், அழுத்தினால் பெயின்ட் அறும்.

சேர்ப்பது

கண்ணாடிப் பாகங்களுக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியைப் பனி மூடியதுபோல வெளுக்கச் செய்யும். காய்ந்ததும் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசை போதும். குரோம் பூசிய பம்பரை ஒட்டும்போது, ஒட்டும் இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டிவிடுங்கள். மாடல் பசைக்கு வெறும் பிளாஸ்டிக் வேண்டும். பாடியின் பக்கங்களை மெல்ல விரித்தபடி சேஸிஸை உள்ளே இறக்குங்கள். பின்னால் பார்க்கும் கண்ணாடி, சின்னம், வைப்பர் எல்லாம் அதற்குப் பின். முன்னால் ஒட்டினால் ஒடிந்துபோகும்.

முடித்த மாடலை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். பழைய கிட் ஒன்றைக் கட்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: அதில் வினைல் டயர் இருந்தால், காலப்போக்கில் அதை மென்மையாக வைத்திருக்கும் இளக்கி கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் சக்கரத்தையும் அடித்தட்டையும் உருக்கும். சக்கரத்துக்குப் பெயின்ட் அடித்திருந்தாலும் டயர் உட்காரும் பள்ளத்தில் உலோகத் தாளை ஒரு சுற்று சுற்றிவிட்டு, டயருக்கும் அடித்தட்டுக்கும் நடுவிலும் ஒரு துண்டு வையுங்கள்.