ஓர் ஆரஞ்சுப் பழத்தில் பிறை பார்ப்பது எப்படி

நிலவு வளர்வதும் தேய்வதும் பூமியின் நிழலால்தான் என்று நன்கு படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த விளக்கம் சந்திர கிரகணத்துக்கு மட்டுமே பொருந்தும். கிரகண நேரம் தவிர, நிலவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே நாளுக்கு நாள் மாறுகிறது. ஒரு பழத்தைக் கையில் பிடித்தால் இது கண்முன் தெரிந்துவிடும்.

சீனப் புத்தாண்டுக்கு வாங்கி மிஞ்சிய மாண்டரின் ஆரஞ்சு ஒன்றும், அதைக் குத்தி நிறுத்த இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் ஒரு சாத்தே குச்சியும் போதும். பிங்பாங் பந்து வேண்டாம்; ஒளி அதற்குள் ஊடுருவி, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை மங்கச் செய்துவிடும். அறையில் மூடியில்லாத ஒரே ஒரு விளக்கைத் தலை உயரத்தில் வைத்து, மற்ற விளக்குகளை அணைத்து, திரைச்சீலைகளையும் இழுத்துவிடுங்கள். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் தாழ்வார விளக்கின் வெளிச்சம் சன்னல் வழியே உள்ளே வரும். முதன்முறை செய்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. என் ஆரஞ்சுக்கு அமாவாசையே வரவில்லை.

விளக்கிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி நின்று, பழத்தைக் கைநீட்டி, தலையைவிடச் சற்று உயரத்தில் பிடியுங்கள். விளக்குதான் சூரியன், உங்கள் தலை பூமி. விளக்கைப் பார்த்து நிற்கும்போது பழத்தின் இருண்ட பக்கமே உங்களுக்குத் தெரியும்: அது அமாவாசை. பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்ல இடப்பக்கம் திரும்பினால் ஓரத்தில் ஒரு கீற்று தோன்றும். கால்வட்டம் திரும்பியதும் அரை நிலவு. விளக்குக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி. தொடர்ந்து திரும்பினால் அதே வடிவங்கள் எதிர்வரிசையில் தேய்ந்து, மீண்டும் அமாவாசையில் வந்து நிற்கும். வானில் இந்தச் சுற்று முடியச் சராசரியாக 29.5 நாள்கள் ஆகின்றன. பௌர்ணமி நிலையில் பழத்தைத் தாழ்த்திப் பிடித்தால் உங்கள் தலையின் நிழல் அதன்மேல் விழும், அதுதான் கிரகணம். பூமி சூரியனைச் சுற்றும் பாதையோடு ஒப்பிட்டால் நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் அந்த நிழல் மாதந்தோறும் படுவதில்லை.

இனி, புத்தகப் படத்துக்கும் சிங்கப்பூர் வானத்துக்கும் உள்ள வேறுபாடு. படங்களில் வளர்பிறை வலப்பக்கம் ஒளிர்வதாகக் காட்டுவார்கள். அது வடக்கே தொலைவில் வாழ்பவர்கள் காண்பது; நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கும் நமக்கு மூன்றாம் பிறை பெரும்பாலும் இரு முனைகளும் மேல்நோக்கிய தோணியைப் போலத் தெரியும். இங்கே சூரியனும் நிலவும் ஏறக்குறைய நேர்மேலே ஏறி நேர்கீழே இறங்குவதே காரணம். விளக்கைப் பார்த்து நின்றபடியே, திரும்பாமல், பழத்தை முன்னிருந்து உச்சந்தலையை நோக்கி உயர்த்திப் பாருங்கள். கீற்று அடிப்பக்கத்தில் தோன்றும். ஆகவே வலமா இடமா என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒளிரும் பக்கம் சூரியன் இருக்கும் திசையையே காட்டும். மாலையில் மேற்கே தெரியும் பிறை வளர்பிறை, விடியுமுன் கிழக்கே தெரிவது தேய்பிறை.

நிழல்தான் காரணம் என்று இன்னும் வாதிடுபவரை வளர்பிறை அஷ்டமியன்று மாலை 5 மணிக்குப் புளோக்கின் கீழே உள்ள விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்று பிற்பகல் 1 மணியளவில் எழுந்த நிலவு நன்கு உயர்ந்திருக்கும். மேற்கே வெயிலும் இருக்கும். இரண்டும் ஒரே வானில் தெரியும்போது, காலடியில் கிடக்கும் பூமி எப்படி அவற்றுக்கு நடுவே போய் நிற்கும்? அதே ஆரஞ்சை வெயில் படும்படி நிலவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தால், நிலவில் எந்தப் பாதி ஒளிர்கிறதோ பழத்திலும் அதே பாதி ஒளிர்வதைக் காணலாம். என்னைக் கேட்டால், அறைக்குள் செய்வதைவிட இதுவே சிறந்த பாடம்.

நாள் கணக்குக்கு நாட்காட்டியில் உள்ள திதியே உதவும். சூரியனுக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. 30 திதிகள் சேர்ந்தால் 360 பாகை. நீட்டிய கையின் முஷ்டி ஏறத்தாழ 10 பாகை என்பதால், ஒவ்வொரு மாலையும் 7.30 மணிக்குப் பார்த்தால் நிலவு முந்தைய நாளைவிட ஒரு முஷ்டியும் சற்று கூடுதலும் கிழக்கே தள்ளியிருக்கும். அது எழும் நேரமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும்.

மூன்றாம் பிறையின் இருண்ட பகுதியும் மங்கலாகத் தெரிகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூமியில் பட்டுத் திரும்பும் வெயில்தான் அந்த இருட்டுப் பக்கத்தை அப்படிக் காட்டுகிறது. வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டு விளக்கை நோக்கிப் பழத்தை நீட்டிப் பிடியுங்கள். சட்டையில் பட்ட வெளிச்சம் திரும்பிப் போய் ஆரஞ்சின் இருண்ட முகத்தை லேசாக நிறம் காட்டும். கறுப்புச் சட்டைக்கு மாறினால் அதுவும் அடங்கிவிடும்.