பழைய நாலு குழி தோட்டா அச்சு: என் அனுபவம்

ஓஹையோவில் ஒரு பழைய சாமான் சந்தையில் உருகிய ஈயத்தை ஊற்றி துப்பாக்கிக் குண்டு வார்க்கும் நாலு குழி இரும்பு அச்சு கிடைத்தது. மேலே 358311 என்று எண். முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டம், 0.358 அங்குலம், மிச்சம் வடிவத்தின் எண். இந்த மாதிரி அச்சு செய்த ஐடியல் கம்பெனியின் பழைய முறை இது. 1925-ல் அந்தக் கம்பெனியை வாங்கிய லைமன் கம்பெனியும் அதே முறையைத் தொடர்ந்தது.

வார்த்த குண்டெல்லாம் சுருக்கம், ஓரத்தில் மெல்லிய பிசிறு வேறு. ஈயம் சரியில்லை என்று நினைத்தேன். சுருக்கத்துக்குக் காரணம் குழிக்குள் இருந்த பழைய எண்ணெய்ப் பசை! சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பிரஷால் தேய்த்து, துருப்பிடிக்குமுன் நன்றாகக் காயவைத்தேன். ஈரம் இருந்தால் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். பிசிறுக்குக் காரணம், அச்சின் இரு பாதியும் சேரும் முகத்தில் ஒட்டியிருந்த ஈயம்; அதை, அச்சைச் சூடாக்கி மரக்குச்சியால் தள்ளினேன். அங்கே அரம் படவே கூடாது. அச்சை முன்கூட்டியே சூடேற்றி ஊற்றியதும் நாலு குழியிலும் விளிம்பு கூர்மையாக வந்தது.