படத்தளத்தில் நேரும் பிழைகள்: ஒளிப்படத்திலும் ஓவியத்திலும் தவிர்க்க வேண்டியவை

கோயில் வாசலில் அமர்ந்து மல்லிகை தொடுக்கும் மூதாட்டி ஒருவரைப் படமெடுக்கிறோம். எடுக்கும் நேரத்தில் அவருடைய முகச் சுருக்கங்களும் விரல்களின் வேகமும்தான் நம் கண்ணை நிறைக்கின்றன. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் திறக்கும்போது, பின்னால் நின்ற மின்கம்பம் அவர் உச்சந்தலையிலிருந்து முளைத்ததுபோல் நிற்கிறது; வெள்ளைச் சரமோ சுண்ணாம்புச் சுவரோடு கலந்து கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை. நேரில் பார்த்தபோது கம்பம் பத்தடி பின்னால் இருப்பதை இரண்டு கண்களும் சேர்ந்து உணர்ந்ததால், மூளை அதைத் தேவையற்றதென ஒதுக்கிவிட்டது. படம் அமையும் தட்டைப் பரப்பான படத்தளத்துக்கு அந்த ஆழம் கிடையாது. மூதாட்டி, கம்பம், சுவர், சரம் எல்லாமே அங்கே ஒரே தாளில் ஒட்டிய வடிவங்கள்தாம். தொடக்கநிலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, பொருளை அதன் பெயரால் அடையாளம் கண்டுவிட்டு, தளத்தில் அது என்ன வடிவமாக விழுகிறது என்று பார்க்காமல் விடுவதால் வருபவை என்றே நான் கருதுகிறேன்.

மின்கம்பப் பிழைக்குத் தீர்வு எளிது. அரை அடி இடப்பக்கம் நகர்ந்தாலோ, முழங்காலிட்டுத் தாழ்ந்தாலோ கம்பம் தலையை விட்டு விலகிவிடும். பொத்தானை அழுத்துவதற்கு முன் சட்டகத்தின் நான்கு விளிம்புகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவரக் கண்ணைப் பழக்கினால், பாதியில் வெட்டுப்பட்ட கை, மூலையில் கிடக்கும் நெகிழிப்பை போன்றவையும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஓவியருக்குக் கம்பத்தை வரையாமலே விடும் சுதந்திரம் உண்டு. ஆனால் அவருக்கே உரிய ஒரு பிழை காத்திருக்கிறது. ஓட்டுவீட்டுக் கூரையின் முனை, பின்னாலுள்ள தென்னையின் விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கும்படி வரைந்துவிட்டால், எது முன், எது பின் என்ற உணர்வே அழிந்து இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தெளிவாக மறைக்க வேண்டும், அல்லது தெளிவாக விலகி நிற்க வேண்டும்.

கோடு, வடிவம், திரட்சி (கன உருவம்), ஒளிநிழல் அளவு, நிறம், இழைநயம் (பரப்பின் சொரசொரப்பு, வழவழப்பு), வெளி எனக் காட்சிக் கூறுகளைப் பாடநூல்கள் வரிசைப்படுத்துகின்றன. இவற்றுள் அதிகம் புறக்கணிக்கப்படுவது ஒளிநிழல் அளவு, அதாவது ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருளாக இருக்கிறது என்பது. நிறம் வேறானால் பொருளும் தனித்துத் தெரியும் என்று நம்புவதே இங்கு நேரும் பெரும்பிழை. சிவப்புச் செம்பருத்தி பச்சை இலைக்கு முன் பளிச்சென்று நிற்கிறது. அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பூவும் இலையும் பெரும்பாலும் ஒரே சாம்பலாகிவிடும். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1872ஆம் ஆண்டை இட்டு வரைந்த லெ ஆவர் துறைமுக விடியற்காட்சி இதற்கு மிகச் சிறந்த சான்று. ‘இம்ப்ரெஷனிசம்’ என்ற ஓவிய இயக்கத்துக்கே பெயர் தந்த அந்த ஓவியத்தில், செம்மஞ்சள் சூரியனும் அதைச் சூழ்ந்த நீலச்சாம்பல் வானமும் ஏறத்தாழ ஒரே வெளிச்ச அளவில் தீட்டப்பட்டுள்ளன. கறுப்பு வெள்ளையில் பார்த்தால் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துபோகிறது. வண்ணத்தில் அது துடிப்பதுபோல் தோன்றுவதற்கும் அதுவே காரணம் என்கிறார்கள். மோனேயின் படத்தில் அந்தச் சமன் ஒளிக்கு உயிர் தருகிறது. நம் படத்தில் அறியாமல் நேர்ந்தால் முக்கியமான பொருள் தொலைந்துபோகிறது.

சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கண்களைப் பாதி மூடிக்கொண்டு காட்சியைப் பாருங்கள். நுணுக்கங்கள் கரைந்து வெளிச்சத் திட்டுகளும் இருள் திட்டுகளும் மட்டும் எஞ்சும். அந்த நிலையிலும் எது முதன்மை என்று தெரிந்தால் படம் நிற்கும். ஓவியர்கள் வண்ணத்தைத் தொடுவதற்கு முன், உள்ளங்கை அளவுத் தாளில் வெளிச்சம், இடைநிலை, இருள் என்ற மூன்றே அளவுகளில் பென்சில் குறிப்பு ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் ஐந்து மணி நேர உழைப்பு வீணாவதைத் தடுக்கும். நிழல் என்றால் கறுப்பு என்று எண்ணி ஒவ்வொரு வண்ணத்திலும் குழாய்க் கறுப்பைக் கலப்பதையும் இத்துடன் கைவிட வேண்டும். மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் அழுக்குப் பச்சைதான் கிடைக்கும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் சேர்த்துக் கிடைக்கும் ஆழ்ந்த இருள், வெம்மை தட்பம் இரண்டு பக்கமும் வளையக்கூடியது.

ஒளிப்படக் கருவிக்கும் இதே இடத்தில் ஒரு குறை உண்டு. எதிரிலுள்ள காட்சி சராசரியாக நடுச்சாம்பல் அளவு வெளிச்சமுடையது என்று கொண்டே அதன் ஒளிமானி கணக்கிடுகிறது. அந்த நடுச்சாம்பலுக்கு அளவுகோலாகப் பயன்பாட்டில் உள்ள சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவது. அதனால் சட்டகம் முழுக்க வெள்ளை வேட்டி நிறைந்தால் கருவி அதைச் சாம்பலாக்கிவிடுகிறது. கருங்கல் சிற்பம் நிறைந்தால் அதையும் சாம்பலாக வெளுத்துவிடுகிறது. வெண்மைக்கு ஒளியளவை ஒரு படி கூட்டியும் கருமைக்கு ஒரு படி குறைத்தும் எடுத்தால் ஏறக்குறைய சரியாக வரும். கைபேசியிலும் திரையைத் தொட்டு விரலை மேலும் கீழும் நகர்த்தி இதைச் செய்யலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, மங்கிய படத்தைத் திருத்த முனைகிறவர் முதலில் நாடுவது நிறச்செறிவைக் கூட்டும் வசதியை. எல்லா நிறங்களும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசத் தொடங்கினால் எதுவும் காதில் விழாது. பாரிசிலுள்ள கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் மிஷெல் யூஜின் செவ்ரல், கறுப்புச் சாயத்தில் ஆழமில்லை என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதை நூலாக வெளியிட்டார். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைத்து நெய்யும் காஞ்சிபுரத்துக் கைகளுக்கும் இது தெரிந்த பாடம். ஆகவே ஒரு சிவப்பு போதவில்லை என்று தோன்றினால், அதைக் கூட்டுவதற்கு முன் அதன் அண்டை நிறத்தைத் தணித்துப் பாருங்கள்.

அமைப்பு விதிகளில் ‘மூன்றிலொரு பங்கு விதி’ படும் பாடு சொல்லி மாளாது. இப்பெயரை 1797இல் எழுதிவைத்த ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித், நிலத்துக்கும் வானத்துக்கும், ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஒன்றுக்கு இரண்டு என்ற சமனற்ற பங்கீட்டைப் பற்றித்தான் பேசினார். இன்று அது, சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் வெட்டும் நான்கு புள்ளிகளில் எதையாவது கொண்டுபோய் வைக்கும் சடங்காகச் சுருங்கிவிட்டது. லியொனார்தோ தா வின்சி 1495 முதல் 1498 வரை மிலானில் தீட்டிய இறுதி இராவுணவுச் சுவரோவியத்தில் இயேசு நட்டநடுவில் அமர்ந்திருக்கிறார். கூரையின் கோடுகளும் பக்கச்சுவர்களின் கோடுகளும் அவர் தலையருகே வந்து கூடுகின்றன. நடுவில் வைப்பது பிழையாவது, காரணமின்றி வைக்கும்போது மட்டுமே.

சமநிலை என்பதைச் சமச்சீர் என்று கொள்வதும் இதைப் போன்றதே. பழைய நிறைகோலான வெள்ளிக்கோலின் நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறு எடை மறுபக்கத்துப் பாரத்தைத் தாங்குவதுபோல, ஓரத்தில் நிற்கும் சிறு உருவம் ஒரு பெரும் பாறையை ஈடுசெய்யும். 1831ஆம் ஆண்டளவில் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் உருவாக்கிய பேரலை மரச்செதுக்கு அச்சில் ஃபூஜி மலை, படகுகளின் நீளத்துக்குக்கூட வரவில்லை. ஆனால் அலையின் வளைவு அதைச் சூழ்ந்து, முன்னாலுள்ள சிற்றலையும் மலையின் முக்கோண வடிவையே எடுத்துக்கொள்வதால், கண் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறது. முதன்மை தர வேண்டியதைப் பெரிதாக்குவது ஒரு வழி; அதைச் சுற்றி வெற்றிடம் விடுவது பலவேளை அதைவிடச் சிறந்த வழி.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோபுரத்தின் அடியில் நின்று கைபேசியை மேல்நோக்கிச் சாய்த்தால், இயல்பாகவே மேலே குறுகும் கோபுரம் மேலும் குறுகிப் பின்னால் சாய்வதாகத் தெரியும். தெருமுனை வரை பின்வாங்கி, கருவியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தொலைமலைகளை அருகிலுள்ள மரத்தின் அதே கரும்பச்சையில் தீட்டினால் மலை முற்றத்துக்கு வந்துவிடும். இடையிலுள்ள காற்று அதை வெளிறிய நீலமாக்குவதையும் ஒளிநிழல் வேறுபாட்டைக் குறைப்பதையும் காட்டியாக வேண்டும்.

முடித்த படத்தைப் பரிசோதிக்க, பழைய காலண்டர் அட்டையிலிருந்து ‘ட’ வடிவில் இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றை எதிரெதிராக வைத்தால் விரும்பிய அளவுக்கு விரிந்து சுருங்கும் ஒரு சட்டகம் கிடைக்கும். அதை அச்சிட்ட படத்தின்மேலோ வரைந்த தாளின்மேலோ நகர்த்திக்கொண்டே வந்து, எந்த விளிம்பை மறைத்தால் படம் வலுப்பெறுகிறது என்று பாருங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடியும் பாருங்கள். மூதாட்டி, கோபுரம், மலை என்ற பெயர்கள் உதிர்ந்து, திட்டுகளும் கோடுகளும் மட்டும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.