டைகோன் மோச்சி: பிழிந்த பிறகு எடை போடுங்கள்

ஜப்பானில் குளிர்காலம் என்றால் முள்ளங்கிக் காலம். அங்கே விற்கும் டைகோன் என்ற பெரிய வெள்ளை முள்ளங்கி ஒன்றே ஒரு கிலோ வரும். சூப்பில் போட்டு, மீனுக்குத் தொட்டுக்கொண்டு, ஊறுகாயும் போட்ட பிறகும் மீதி கிடக்கும். அந்த மீதியைத் துருவி, ஸ்டார்ச் கலந்து, தட்டையாகத் தட்டிக் கல்லில் சுடுவதுதான் டைகோன் மோச்சி. மோச்சி என்பது அங்கே இழுவையான அரிசிப் பலகாரத்தின் பெயர். ஹாங்காங்கின் டிம்சம் (சீனச் சிற்றுண்டி) கடைகளில் கிடைக்கும் முள்ளங்கிக் கேக் வேறு. அதை அரிசி மாவு சேர்த்து ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, வெட்டி வறுப்பார்கள். இதற்கு அரை மணி நேரம் போதும்.

இருவருக்கு: முள்ளங்கி 400 கிராம், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் சுமார் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, எண்ணெய். சாஸுக்கு சோயா சாஸ் 2 மேஜைக்கரண்டி, மிரின் (ஜப்பானியர் சமையலில் சேர்க்கும் இனிப்பு அரிசி மது) 2 மேஜைக்கரண்டி, சர்க்கரை 1 மேஜைக்கரண்டி. மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதில் தண்ணீர் 2 மேஜைக்கரண்டியும் இன்னும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ச் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். கிழங்கை உலர்த்திப் பொடித்த மாவு இதற்கு ஆகாது. விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் கிறீச்சிடுகிற தூய வெள்ளை ஸ்டார்ச்தான் வேண்டும். ஜப்பானியக் கடைகளில் அதைக் கடாகுரிகோ என்று கேட்டால் கொடுப்பார்கள்.

முள்ளங்கியில் தலைப்பக்கம் இனிப்பு, வால்பக்கம் காரம். தலைப்பக்கமாக எடுங்கள். நம் ஊரின் ஒல்லி முள்ளங்கியிலும் தாராளமாகச் செய்யலாம். சற்றுக் காரமாக இருந்தாலும் கல்லில் வேகும்போது அது அடங்கிவிடும். உள்ளே துளைவிட்டுக் காய்ந்தது மட்டும் வேண்டாம்.

தோலைச் சீவிவிட்டுத் துருவுங்கள். முக்கால் பங்கை நுண்ணிய கண்ணிலும், மீதியைப் பெரிய கண்ணிலும் துருவினால் கடிக்க ஏதாவது இருக்கும். மிக்ஸி பக்கமே போகாதீர்கள். நார் கூழாகிவிடும், பிழியும்போது பாதி துணிவழியே ஓடிவிடும். ஐம்பது ரூபாய்த் துருவல் கட்டையே போதும்.

அடுத்து பிழிதல். இந்தப் பலகாரம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். முள்ளங்கியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு காயில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. ஒருவர் கை பிழிகிற அளவுக்கு இன்னொருவர் கை பிழியாது. அதனால் "இத்தனை கிராம் முள்ளங்கிக்கு இத்தனை கரண்டி மாவு" என்ற கணக்கை நம்ப வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் கட்டிப் பிழிந்து, சக்கையை எடை போடுங்கள். 400 கிராம் துருவல் 200 கிராம் அளவுக்கு வந்தால் சரி. அதற்கும் கீழே இறங்கினால் மோச்சி வறண்டுபோகும், ஆகவே பிழிந்த சாற்றில் ஒரு கரண்டியைத் திரும்ப ஊற்றிக்கொள்ளுங்கள். சக்கையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஸ்டார்ச். சமையலறைத் தராசு இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த நான்ஸ்டிக் சட்டியைவிட அது அதிகம் உதவும்.

மீதிச் சாற்றைக் கொட்டாதீர்கள். ஜப்பானில் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் சேர்ப்பார்கள். சாம்பாரிலும் சேரும்.

சக்கை, ஸ்டார்ச், உப்பு, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் கையால் பிசையுங்கள். கலவை இப்போது ஒரு வேடிக்கை காட்டும். அழுத்திப் பிடித்தால் கெட்டியாக நிற்கும், கையைத் திறந்தால் மெல்லத் தளர்ந்து தட்டில் படியும். பயந்துபோய் இன்னும் இரண்டு கரண்டி மாவு போடத் தோன்றும். போடாதீர்கள். ஸ்டார்ச்சின் இயல்பே அதுதான், சூடு பட்டதும் இறுகிவிடும். கூடுதலாகப் போட்ட மாவுதான் மோச்சியை ரப்பராக்குகிறது. கலந்ததை வைத்திருக்கவும் வேண்டாம். உப்பு மேலும் தண்ணீரை இழுக்கும்.

தோசைக்கல்லை மிதமான தீயில் வைத்து ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். உள்ளங்கை நடுவில் அடங்கும் அளவில், ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டிப் போடுங்கள். நன்கு பழகிய இரும்புக்கல்தான் என் தேர்வு, மேல்தோல் அதில்தான் மொறுமொறுக்கும். அடி பிடித்துக்கொண்டால் தோசைத்திருப்பியால் சுரண்டாமல் ஒரு நிமிடம் விடுங்கள், வெந்ததும் தானாகக் கழன்றுவரும். பக்கத்துக்கு நான்கு நிமிடம். ஓரத்தைக் கவனியுங்கள்: சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது கண்ணாடித்தன்மை கொள்ளும். நடுவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் மூடி போட்டு இன்னும் இரண்டு நிமிடம்.

மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிட்டு சாஸை ஊற்றுங்கள். பெரிய குமிழிகள் எழும். அவை சிறுத்து, சாஸ் பாகாகிப் பளபளக்கும்வரை புரட்டி இறக்குங்கள். அரை நிமிடம் அசந்தால் சர்க்கரை தீய்ந்துவிடும். சூட்டோடு ஒரு நோரித் (உலர்ந்த கடற்பாசித் தாள்) துண்டில் சுற்றிக் கடியுங்கள்.

பின்னர் சேர்த்தது: மக்காச்சோள ஸ்டார்ச்சில் (கார்ன்ஃப்ளோர்) செய்தால் நிற்கவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நிற்கும். ஆனால் இழுவை குறைவு, நிறமும் மங்கல். மரவள்ளி ஸ்டார்ச் அதைவிட நல்லது, ஒட்டும் என்பதால் எண்ணெய் சற்றுக் கூட்டுங்கள். அரிசி மாவை மட்டும் இந்த முறையில் போட வேண்டாம், அதை முதலில் ஆவியில் வேகவைக்க வேண்டும்.

இன்னொருவர் குளிர்பதனப் பெட்டியில் வைத்தது கல்லாகிவிட்டது என்கிறார். ஆறிய ஸ்டார்ச் இறுகத்தான் செய்யும். கல்லில் போட்டு, ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிச் சூடாக்கினால் பழையபடி இளகிவிடும். சாஸ் தடவாமல் எடுத்துவைத்திருந்தால் இன்னும் நல்லது.